7995: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3

கடைசியில் இந்த வேலை எங்கள் குழுவின் தலையில்தான் விழுந்தது. சூதாட்டத்தில் சிக்கித் தவிக்கும் வாடிக்கையாளர்களை அவர்களுடைய பணப் பரிவர்த்தனையை வைத்தே முன்கூட்டி அடையாளம் கண்டு உதவ முடியுமா என்று வங்கி பார்க்கச் சொல்கிறது. 7995-ஐ வடிகட்டினால் போதுமே என்றார்கள் எல்லோரும். கார்டில் பணம் வாங்கும் ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வகைக் குறியீடு உண்டு, பெட்டிங், கேசினோ வகையறாவுக்கு 7995.

வடிகட்டிப் பார்த்தால் ஓட்டைகள்தான் அதிகம். ஒருவர் வாலட்டில் பணம் போட்டு அங்கிருந்து பெட்டிங் தளத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் வாலட்டின் பெயர்தான் நமக்குத் தெரியும். கணக்கிலிருந்து கணக்குக்குப் போகும் பணத்தில் பெரும்பாலும் இந்தக் குறியீடே இருக்காது. ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போனால் அதோடு சரி. மளிகைச் சாமானோடு சேர்த்து வாங்கிய லாட்டரிச் சீட்டு மளிகைச் செலவாகவே பதிவாகும். போதாக்குறைக்கு, தாங்கள் யாரென்று மறைத்து வேறு குறியீட்டில் வசூலிக்கும் தளங்களும் இருக்கின்றன.

மார்ச் 6

எவ்வளவு செலவழித்தால் அது பிரச்சினை? காலை முழுக்க இதே வாக்குவாதம். ஒரு தொகையைக் கோடாகப் போடலாம் என்பது ஒரு கட்சி. ஒருவர் சில்லறையாக விடும் பணம் இன்னொருவரின் வாடகை, அப்புறம் எந்த இடத்தில் கோடு போடுவது?

2021-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த ஆய்வை எல்லோருக்கும் அனுப்பினேன். பிரிட்டனின் ஒரு பெரிய வங்கிக் குழுமத்தின் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் வரையிலான தரவு, பெயர் நீக்கப்பட்டது, பல வருடக் கணக்கு. சூதாட்டச் செலவு கூடக்கூட வீட்டுக் கடன் தவணை தவறுவது, அவசரக் கடன் வாங்குவது, வேலை இழப்பது, சீக்கிரம் இறப்பது வரை எல்லாமே கூடுகின்றன. இது தொடர்பைச் சொல்கிறது, காரணத்தை அல்ல. வருமானத்தோடும் மற்ற பில்களோடும் சேர்த்துப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்துப் பயனில்லை என்பது என் பக்கம்.

மார்ச் 10

இன்று நல்ல நாள். கணக்கில் பதிவான பரிவர்த்தனைகளை விட்டுவிட்டு, பதிவாகாதவற்றைப் பார்த்தோம். கார்டைப் போட்டும் பணம் போதாமல் மறுக்கப்பட்ட முயற்சிகள் மாதக் கணக்கு அறிக்கையில் வராது, ஆனால் அனுமதி கேட்டு வந்த கோரிக்கைகளின் பதிவில் அவ்வளவும் இருக்கிறது. முதலில் ஒரு பெரிய தொகை, மறுப்பு, அதில் பாதி, மறுப்பு, அதிலும் பாதி, மறுப்பு, கடைசியில் கணக்கில் மிச்சமிருந்த சில்லறை மட்டும் போகிறது, எல்லாம் சில நிமிடங்களுக்குள், அதுவும் பின்னிரவில். கூட்டுத்தொகையாகப் பார்த்தால் இந்த ஆள் யார் கண்ணிலும் பட மாட்டார்.

சம்பளம் விழுந்த சில மணி நேரத்துக்குள் வரிசையாக டெபாசிட், அவசரக் கடன் வந்த அன்றே டெபாசிட், ஒரே இரவில் நான்கைந்து தளங்களில் மாறி மாறி டெபாசிட் என்று மற்ற அடையாளங்களும் தெளிந்து வருகின்றன. ஒவ்வொரு பெட்டிங் நிறுவனத்துக்கும் தன்னிடம் வந்த பணம்தான் தெரியும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற இடம் வங்கி மட்டும்தான். வாடிக்கையாளருக்கு இன்னொரு வங்கியிலும் கணக்கு இருந்தால் நமக்கும் ஒரு கண் குருடு.

மார்ச் 11

ஜெயித்த பணம் திரும்பி வரும்போது சில சமயம் வேறு குறியீட்டில் வருகிறது. அதைக் கழிக்காமல் நஷ்டத்தைக் கணக்கிட்டால் அபத்தமாக இருக்கும். நாள் முழுக்க இதுவே.

மார்ச் 14

சூதாட்டத்திலிருந்து மீண்ட ஒருவரை ஆலோசகர் ஒருவர் மூலம் பேச அழைத்திருந்தோம். உங்களை எப்போது தொடர்புகொண்டிருந்தால் கேட்டிருப்பீர்கள் என்று கேட்டதற்கு, "விளையாடிக்கொண்டிருக்கும்போது கடவுளே வந்து சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன் சார், மறுநாள் காலையில் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்" என்றார். நொடியில் எச்சரிக்கை அனுப்புவதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. விட்டதைப் பிடிக்கத்தான் கடைசிவரை போட்டாராம். சூதாட்டப் பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கும் பிஜிஎஸ்ஐ கேள்வித்தாளின் 9 கேள்விகளில் ஒன்று இதைப் பற்றித்தான். அதில் 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தால் பிரச்சினைச் சூதாட்டம் என்று கணக்கு. ஒப்புக்கொள்ளும் சிலரிடம் அதை நிரப்பி வாங்கினால்தான் எங்கள் கணிப்பு சரியா என்றே தெரியும், இல்லாவிட்டால் நாமே கேள்வி, நாமே விடை.

மார்ச் 19

எதிர்பார்த்ததுதான். கடன் பிரிவிலிருந்து அழைப்பு, உங்கள் பட்டியல் எங்களுக்கும் கிடைக்குமா என்று. கிடைக்காது என்றேன். வங்கியின் பணத்தைக் காப்பாற்றுவதும் வேலைதானே என்கிறார்கள். வேலைதான், ஆனால் உதவி கேட்டு வந்தவருக்கு அதனாலேயே வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது என்று ஒரே ஒரு செய்தி வெளியே போனால் போதும், அடுத்த ஆள் வாயே திறக்க மாட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது. அப்படியென்றால் நாம் ஊகிப்பது ஒருவரின் உடல்நலத் தகவல், செலவுக் கணக்கு மட்டும் அல்ல. சந்தைப்படுத்தல் பிரிவும் எட்டிப் பார்த்தது, அவர்களுக்கு என்ன வேலை இங்கே என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மார்ச் 27

கணிப்பு எவ்வளவு கூர்மையானாலும் தவறாகச் சிலரைச் சுட்டத்தான் செய்யும், சிக்கலில் இருப்பவர்கள் மொத்தத்தில் சிறுபான்மை என்பதால் தவறாகச் சுட்டப்படுகிறவர்களின் எண்ணிக்கை கூடிவிடும். அதனால் "உங்களுக்குப் பிரச்சினை இருக்கிறது" என்று எந்த மெசேஜும் போகக் கூடாது. கார்டில் சூதாட்டத் தடை போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது என்பதை மட்டும், மறுநாள் காலையில் சொல்லலாம்.

பிரிட்டனில் மான்ஸோ வங்கி 2018-இல் இப்படியொரு தடையைக் கொண்டுவந்தது. போடுவது நொடி வேலை, எடுக்க வேண்டுமானால் ஊழியரிடம் பேசி 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் சூட்சுமம், இல்லையென்றால் இரவு 2 மணிக்கு விரலால் ஒரு தட்டு, தடை காலி. கடன் பணத்தில் ஆடுவதை அங்கே சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையமே தொட்டுவிட்டது: 2020 ஏப்ரல் 14 முதல் சூதாட்டத்துக்கு கிரெடிட் கார்டு கூடாது. ஆஸ்திரேலியாவும் 2024 ஜூனில் ஆன்லைன் பெட்டிங்குக்கு அதே தடையைப் போட்டது.

ஏப்ரல் 2

கூட்டம் முடிந்தது. 48 மணி நேரக் காத்திருப்புக்கு ஒப்புக்கொண்டார்கள், 24 போதும் என்று ஒருவர் இழுத்துப் பார்த்தார். பட்டியல் கடன் பிரிவுக்குப் போகாது என்பதும் எழுத்தில் வந்துவிட்டது. வாலட்டுக்குப் போகும் பணமும் ஏடிஎம்மும் தடைக்குள் வரவில்லை, அதற்கு வாடிக்கையாளரே தினசரி வரம்பு வைத்துக்கொள்ளும் வசதி வேண்டும் என்று தனிக் கோரிக்கை போட்டிருக்கிறேன். அடுத்த கூட்டம் ஏப்ரல் 16.