"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க"

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். ஒருவரை வார்டில் சேர்க்கும் நாளில், "பிள்ளைகளிடம் என்ன சொல்வது?" என்று குடும்பத்தார் கேட்காமல் இருந்ததில்லை. பெரும்பாலும் விடையையும் அவர்களே வைத்திருப்பார்கள்: அம்மா ஊருக்குப் போயிருக்கிறார், அப்பாவுக்கு வெளியூரில் வேலை. தொடக்க ஆண்டுகளில் நானும் அதற்குத் தலையசைத்தேன். பிஞ்சு மனத்தில் பாரம் ஏற்ற வேண்டாம் என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய தாய்க்கு இருமுனை மனநிலைக் கோளாறு; மனநிலை சில காலம் அளவுமீறிய எழுச்சிக்கும் சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய். மூன்று இரவுகள் உறங்காமல், வீட்டுப் பாத்திரங்களைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவரை உறவினர்கள் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார்கள். ஊருக்குப் போகிறவர் பை எடுத்துக்கொள்வார்; அம்மாவோ செருப்புக்கூடப் போடவில்லை. இதைச் சன்னல் வழியே பார்த்திருந்தும் பாட்டி சொன்னதை அவள் மறுத்துப் பேசவில்லை. இந்த மௌனத்தைத்தான் நாம் 'பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது' என்கிறோம். வீடு திரும்பிய தாய் மறுபரிசோதனைக்கு வந்த அன்று, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "நான் இனிமே அடம் பிடிக்கலன்னா, அம்மாவ மறுபடி கூட்டிட்டுப் போக மாட்டாங்கல்ல?" தாய் வார்டில் இருந்த பதினெட்டு நாளும் செய்யாத குற்றம் ஒன்றை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள், அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நூல் பிடித்தாற்போல் அம்மா இழுக்கும் கோலக்கோடு இப்போது நெளிகிறது; நோய் முற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தாள். அது லித்தியம் மாத்திரையால் சிலருக்கு வரும் மெல்லிய கைநடுக்கம். அடிக்கடி தண்ணீர் குடிப்பதும் அந்த மருந்தால்தான். இரத்தத்தில் அதன் அளவு மிகுந்தால் தீங்கு என்பதால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள் என்பதையும், நடுக்கம் கூடினாலோ வாந்தி வந்தாலோ பெரியவர்கள் உடனே மருத்துவரிடம் வர வேண்டும் என்பதையும் எளிய சொற்களில் விளக்கினேன். ஆனால் முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நானல்ல. தாயிடம் தனியே பேசிவிட்டு இருவரையும் அறையில் உட்கார வைத்தேன். "எனக்கு வந்தது ஒரு நோய்டி. அதனாலதான் தூக்கம் வரல, பேச்சு நிக்கல. நீ செஞ்ச எதுனாலயும் இல்ல," என்றார் அவர். சிறுமி மாத்திரை அட்டையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் பைக்குள்ளேயே வைத்தாள்.

அதற்குப் பின், நோயுற்றவரின் சம்மதத்தைக் கேட்டு, கூடுமானவரை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். பள்ளிக்கு யார் அழைத்துப் போவார், இரவில் யாரோடு படுப்பது என்பவற்றையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு நோயின் பெயரைவிட அதுவே பெரிது. 'இனி வரவே வராது' என்று எவரும் வாக்குக் கொடுக்க நான் விடுவதில்லை, ஏனென்றால் இந்த நோய் திரும்பவும் வரக்கூடியது. பதின்வயதினர் கேட்பது வேறு: "எனக்கும் வருமா?" மற்றவர்களைவிட வாய்ப்பு சற்றுக் கூடுதல், ஆனால் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்ற உண்மையை அப்படியே சொல்கிறேன். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் பள்ளிக்கூடத்தில் எதை, யாரிடம் சொல்வது என்பதையும் அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்கிறோம்.

என்னை மிகவும் வருத்துவது, பிள்ளையை மாத்திரைக்குக் காவல் வைப்பது. "அம்மா முழுங்கினாங்களான்னு பாத்துக்கோ" என்று ஒன்பது வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போகும் வீடுகள் உண்டு. ஒரு வேளை மாத்திரை தவறி நோய் திரும்பினால், அந்தப் பையன் யாரை நொந்துகொள்வான்?

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். அதைவிடப் பெரிய பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதை ஒவ்வொரு குடும்பத்தோடும் உட்கார்ந்துதான் பேச வேண்டியிருக்கிறது. எல்லோரும் சம்மதிப்பதில்லை. சென்ற மாதம் ஒரு தந்தை கூடவே கூடாது என்றுவிட்டார். பார்வை நேரம் முடியும்வரை கீழே மரத்தடியில் சித்தப்பாவோடு காத்திருந்த அவர் மகன், என் அடையாள அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எங்கப்பா எந்த ஊர்ல வேல பாக்குறாரு?" என்று கேட்டான். "அதை அப்பாவே உன்கிட்ட சொல்லட்டும்னு கேட்டிருக்கேன்ப்பா," என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டு, வார்டு இருக்கும் மாடியைப் பார்த்தான்.