டெபியன் பொதிகள்: சேர்க்கச் சொல்வதும் சீர்செய்யச் சொல்வதும்

தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தபோது, அதன் அறிவிப்பில் இருந்த எண்களுள் பலரும் எடுத்துப் பேசியது 69,830 பொதிகள் (நிறுவத் தயாராகக் கட்டித் தரப்படும் மென்பொருள்கள்) என்ற மொத்தக் கணக்கையும், அவற்றுள் 14,100க்கும் மேற்பட்டவை புதியவை என்பதையும்தான். வழக்கொழிந்தவை என்று 8,840க்கும் மேற்பட்ட பொதிகள் நீக்கப்பட்டதும் அதே அறிவிப்பில் இருந்தது. எனக்கு அந்த எண்ணே பெரிதாகத் தோன்றியது. ஒரு பொதியை நீக்குவதற்கு முன், எந்தெந்தப் பொதிகள் அதைச் சார்ந்திருக்கின்றன, அதற்கு மாற்று உண்டா என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்; பல நேரங்களில் அதற்கும் முன்னால், இது இனி வேண்டாம் என்று எவரோ காரணத்தோடு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். புதியதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் பயனர்களாகிய நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையாவது, இருப்பதைச் சீர்செய்யக் கேட்பதிலும் காட்ட வேண்டும் என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

டெபியனில் கோரிக்கை வைப்பதற்கு எவரும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அதன் வழுப் பதிவு அமைப்பு, அதாவது மென்பொருள் குறைகளையும் கோரிக்கைகளையும் பதியும் இடம், மின்னஞ்சலில் இயங்குகிறது. ரிப்போர்ட்பக் என்ற சிறு கருவி கேள்விகளைக் கேட்டு, நம் கணினியில் உள்ள பதிப்பு விவரங்களைத் தானே சேர்த்து, மடலை அனுப்பிவிடும். குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997இல் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தத்திலேயே டெபியன் எழுதி வைத்திருப்பதால், அனுப்பிய மடல் அப்படியே பொதுவில் நிற்கும். வெளியீட்டையே நிறுத்தக்கூடிய கடுமையான வழு முதல் விஷ்லிஸ்ட் எனப்படும் வெறும் விருப்பம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை உண்டு. தன் விருப்பத்தைக் கடுமையான வழுவாகப் பதிகிறவர், பொதியைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளரின் நேரத்தை வீணாக்குகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிய பொதிகளுக்கும் ஆள் தேவைப்படும் பொதிகளுக்கும் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது; டபிள்யூ.என்.பி.பி. என்பது அதன் பெயர். இந்த மென்பொருளைப் பொதியாக்கித் தாருங்கள் என்று கேட்பது ஆர்.எஃப்.பி. நானே பொதியாக்கப்போகிறேன் என்று அறிவிப்பது ஐ.டி.பி. பராமரிப்பாளர் கைவிட்டுவிட்ட பொதிக்கு ஓ என்ற குறி. அவர் அடுத்தவரிடம் ஒப்படைக்க விரும்புவது ஆர்.எஃப்.ஏ., உடன் உழைக்க ஒருவரைத் தேடுவது ஆர்.எஃப்.எச். இவற்றுள் முதல் வகைதான் எவருக்கும் எளிது. இணைப்பு ஒன்றையும் இரண்டு வரிகளையும் எழுதினால் போதும். ஆனால் அந்த இரண்டு வரிகள் கேட்பது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூல நிரலின் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் சரிபார்ப்பது, பல வகை வன்பொருள்களுக்கும் அது தொகுக்கப்படுகிறதா என்று கவனிப்பது, மென்பொருளை எழுதிய மூல ஆசிரியர் புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் அதைக் கொண்டுவருவது, நிலையான வெளியீட்டில் பாதுகாப்புக் குறை தெரியவந்தால் அதற்கான திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குப் பின்னோக்கி எடுத்துச் செல்வது என்று, ஊதியம் எதையும் எதிர்பாராத ஒருவரின் பல ஆண்டு உழைப்பை நாம் கேட்கிறோம். கேட்பது தவறே இல்லை. அந்த மென்பொருள் இன்னும் உயிரோடு வளர்கிறதா, உரிமம் தெளிவாக இருக்கிறதா, அதே வேலையைச் செய்யும் பொதி ஏற்கெனவே இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து எழுதிவிட்டுக் கேட்டால், படிப்பவரின் சுமையில் ஒரு பகுதியை நாமே ஏற்றுக்கொண்டவர்களாகிறோம்.

சீர்செய்யும் கோரிக்கைகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது சார்புகளைப் பற்றியது, அதாவது ஒரு பொதியோடு சேர்ந்து வரும் பிற பொதிகளைப் பற்றியது. சிறியதொரு நிரலை நிறுவப்போனால் தொடர்பில்லாத பலவும் கூடவே வந்து இறங்குகின்றன என்ற குறையை டெபியன் பயனர்கள் பலரும் சொல்வதுண்டு. ஒரு பொதிக்கு வேறொன்று இன்றியமையாதது என்றால் டிபெண்ட்ஸ், வழக்கத்துக்கு மாறான நிறுவல்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சேர்ந்தே இருக்கும் என்றால் ரெகமெண்ட்ஸ், இருந்தால் பயன் கூடும் என்றால் சஜெஸ்ட்ஸ் என்று டெபியன் கொள்கை மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. 2009இல் வந்த லென்னி வெளியீட்டிலிருந்து, பொதிகளை நிறுவும் ஆப்ட் நிரல் ரெகமெண்ட்ஸ் வரிசையில் உள்ளவற்றையும் இயல்பாகவே நிறுவுகிறது. ஆகவே அந்த வரிசையில் பராமரிப்பாளர் சேர்க்கும் ஒரே ஒரு பெயர், அதைச் சார்ந்த பிறவற்றையும் இழுத்துக்கொண்டு எத்தனையோ கணினிகளில் போய் இறங்கும். தேவையற்றது வருகிறதே என்று பொதுவாகப் புலம்புவதை விட, ஆப்டிட்யூட் என்ற நிறுவல் நிரலின் ஒய் (why) கட்டளையால் எந்தச் சங்கிலி வழியே அது வந்தது என்று கண்டறிந்து, இந்தப் பெயர் இல்லாமலும் நிரலின் முதன்மைப் பணிகள் குறைவின்றி நடக்கின்றன, எனவே இதை சஜெஸ்ட்ஸ் நிலைக்கு இறக்கலாம் என்று எழுதினால், பெரும்பாலும் அது ஒரு வரித் திருத்தமாக முடிந்துவிடும். பொதிகளின் விளக்கவுரையும் இப்படித்தான். என்ன செய்யும் என்றே சொல்லாமல், மூல ஆசிரியரின் விளம்பர வாசகத்தை அப்படியே தாங்கி நிற்கும் விளக்கங்கள் இன்னும் இருக்கின்றன. மாற்று வாசகத்தை நாமே எழுதி அனுப்பலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

நீக்குவது இத்தனை எளிதன்று. பைத்தான் 2 நிரல்மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவதாக மிக முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும், அதைச் சார்ந்திருந்த பொதிகளை டெபியனிலிருந்து விலக்க, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழுப் பதிந்து, பொதுவான ஒரு குறிச்சொல்லால் அவற்றை இணைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் அடுக்காகக் கழற்ற வேண்டியிருந்தது. 2021இல் வந்த டெபியன் 11இல்கூட அந்த மொழி நிரல்களை இயக்கும் மென்பொருள் இருந்தது. 2023இன் டெபியன் 12இல்தான் அது முற்றிலும் அகன்றது. இதில் இழப்பும் உண்டு. படத் திருத்தி ஜிம்ப்பின் 2.10 பதிப்பில் பைத்தான் செருகுநிரல்கள் பைத்தான் 2ஐயே நம்பியிருந்ததால், அவற்றுக்கான பொதி டெபியன் 11இல் இல்லாமல் போனது. அவற்றைக் கொண்டே அன்றாட வேலையைச் செய்து வந்தவர்கள் பைத்தான் 3ஐ ஏற்ற ஜிம்ப் 3 டெபியன் 13இல் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் பாதுகாப்புத் திருத்தம் வராத ஒரு மொழியை நிலையான வெளியீட்டில் வைத்திருப்பது பயனர்களுக்கு அளிக்கும் வாக்குறுதியை மீறுவதாகும். எனினும் நீக்கக் கோருகிறவர், அதனால் யாருடைய வேலை நிற்கும் என்பதையும் தம் கோரிக்கையிலேயே எழுத வேண்டும்.

அப்படி எழுதி, முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் என்ன நேரும் என்பதை 2024இல் கீபாஸ்எக்ஸ்சி பொதியில் பார்த்தோம். கடவுச்சொற்களைக் காக்கும் அந்த நிரலில் உலாவி இணைப்பு, பிணைய வசதி போன்றவை தாக்குதலுக்கான வாயில்களை அதிகரிக்கின்றன என்று கருதிய பராமரிப்பாளர், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் வளர்நிலைப் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டு, முழு வசதிகள் கொண்ட பதிப்பை வேறொரு பெயரில் வைத்தார். புதுப்பித்த பலருக்கு, நேற்று வரை இயங்கிய உலாவி இணைப்பு திடீரென்று நின்றது. என்னவென்று கேட்டு அவர்கள் போய் நின்றது மூல ஆசிரியர்களிடம். மெலிந்த பதிப்பு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் பழைய பெயர் பழைய வசதிகளையே தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. மெலிந்ததற்குப் புதுப்பெயர் வைத்திருந்தால் வேண்டியவர் தேடிப் போயிருப்பார்.

கோரிக்கை எப்போது நெருக்கடியாக மாறுகிறது என்பதற்கு கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் விவகாரத்தை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பரவலாகப் பயன்படும் அந்தச் சுருக்க நிரலைத் தனியாளாகக் காத்து வந்தவரிடம், ஏன் இத்தனை தாமதம், வேறொருவரிடம் ஒப்படைக்கக்கூடாதா என்று 2022இல் சில பெயர்களிலிருந்து தொடர்ந்து மடல்கள் வந்தன. அவை திட்டமிட்டு உருவாக்கப்பட்ட போலிப் பெயர்கள் என்றே இன்று பரவலாக நம்பப்படுகிறது. பொறுப்பில் பங்கு பெற்ற புதியவரின் வழியே 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (கணினிக்குள் மறைவாகப் புகும் வழி) நுழைந்தது. டெபியனின் வளர்நிலைப் பதிப்பில், தொலைவிலிருந்து கணினிக்குள் புகும் எஸ்எஸ்எச் நுழைவு சற்றே மெதுவாவதைக் கவனித்துத் துருவிய மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். நிலையான வெளியீட்டுக்குள் அது வரவில்லை. எஸ்எஸ்எச் சேவைக்குச் சுருக்க நிரலோடு நேரடித் தொடர்பே கிடையாது. சேவை தயாராகிவிட்டது என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தெரிவிக்கும் சிறு வசதிக்காக டெபியன் உள்ளிட்ட சில லினக்ஸ் வழங்கல்கள் சேர்த்திருந்த திருத்தம் ஒரு நிரல் நூலகத்தை இழுத்தது, அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்தது. பின்னர் எஸ்எஸ்எச் சேவையின் மூல நிரலான ஓபன்எஸ்எஸ்எச் 9.8இல் அந்த வசதி எந்தக் கூடுதல் நூலகமும் இல்லாமல் மூலத்திலேயே எழுதப்பட்டது. தேவையற்ற சார்பைக் குறைக்கச் சொல்லும் கோரிக்கையை அழகுக்கான வேலை என்று ஒதுக்குபவர்களிடம் நான் இந்தச் சங்கிலியைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பராமரிப்பாளர் உண்மையிலேயே ஓய்ந்துவிட்ட பொதிகளுக்கு டெபியன் முறையானதொரு வழியை வைத்திருக்கிறது. பொதி நெடுங்காலமாகத் தீண்டப்படாமல் இருப்பதற்கான சான்றுகளோடு, மீட்டெடுக்க விரும்புவதாக வழு ஒன்றைப் பதிய வேண்டும். மறுப்பு வராமல் 21 நாள் கழிந்தால், தாமத வரிசையில் குறைந்தது ஏழு நாள் நிற்கும்படி புதிய பதிப்பைப் பதிவேற்றலாம். பழைய பராமரிப்பாளர் எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். எவரையும் இழிவுபடுத்தாமல் பொறுப்பு கைமாற இடமளிக்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

தனிப் பொதியோடு நிற்காமல் டெபியனின் அடிப்படை ஆவணத்தையே மாற்றிய கோரிக்கையும் உண்டு. வைஃபை அட்டைகளுக்கான கட்டற்றதல்லாத (மாற்றவும் பகிரவும் முழு உரிமை தராத) சாதன நிரல் நிறுவியில் இல்லாததால், பிணையத்தோடு இணையவே முடியாமல் புதியவர்கள் தவித்ததை ஆண்டுக்கணக்கில் பலரும் எழுதி வந்தனர். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்துச் சமூக ஒப்பந்தத்தைத் திருத்தினர்; 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் நிறுவியில் அந்த நிரல்கள் இடம்பெற்றன.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற பொதியை நிறுவிக்கொள்ளுமாறு சொல்வேன். ஒவ்வொரு முறை ஆப்ட் இயங்கி முடிந்ததும், நம் கணினியில் இருக்கும் பொதிகளுள் எவை கைவிடப்பட்டிருக்கின்றன, எவற்றுக்கு உதவி கேட்கப்பட்டிருக்கிறது, எவை அடுத்த வெளியீட்டிலிருந்து விலக்கப்படவிருக்கின்றன என்று அது பட்டியலிடும். அந்தப் பட்டியலில் நாம் அன்றாடம் திறக்கும் நிரல் ஒன்றின் பெயர் இருந்தால், அதன் பழைய வழுக்களை எடுத்து, இன்றைய பதிப்பிலும் அவை நிகழ்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, முடிவை அந்தந்த வழுவின் எண்ணுக்கே மடலாக அனுப்பலாம்.