அது எந்தக் கறி, டாக்டர்?

ஆடுகளை அறுக்கும் ஆடுதொட்டியில் கால்நடை மருத்துவருக்கு இரண்டு வேளை வேலை. அறுப்பதற்கு முன்னால் ஆடு ஒழுங்காக நடக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, கழிச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது. அறுத்த பிறகு நுரையீரல், ஈரல், நெறிக்கட்டிகளைப் பார்ப்பது. ஈரலைக் குறுக்கே கீறி விரலால் அழுத்தினால் சிலவற்றில் பித்தக் குழாயிலிருந்து தட்டைப்புழு சின்ன இலை மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். ஒதுக்கச் சொன்னால், “புழு இருக்கிற இடத்தை மட்டும் அரிஞ்சு எடுத்துடறேனே டாக்டர்” என்று கடைக்காரர் கெஞ்சுவார்.

ஆனால் சொந்தக்காரர்களோ அக்கம்பக்கத்தினரோ என்னிடம் புழுவைப் பற்றி விசாரித்ததே இல்லை. “கடையில விக்கிறது நிஜமாவே ஆட்டுக்கறிதானா?” இதுதான் எல்லோருக்கும் சந்தேகம்.

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியை எழும்பூரில் பிடித்தார்கள். வால் நீளமாக இருந்ததால் நாய்க்கறி என்று செய்தி பரவியது. பிரியாணிக் கடைக்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கடைசியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனையில் அது ஆட்டிறைச்சி என்று தெரிந்தது. அவ்வளவு தூரம் வந்த கறி வழியெல்லாம் போதிய குளிரில் இருந்ததா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. என்னிடம் பேசிய ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. ஆடு என்றதும் நிம்மதியாகிவிட்டார்கள்.

கல்லூரியில் உடன் படித்த நாகாலாந்து நண்பரிடம், ஊர் பெயரைச் சொன்னதுமே “நாய் சாப்பிடுவீங்களா?” என்று கேட்பார்கள். அவர் சலித்துக்கொள்ளாமல், “வளர்க்கவும் செய்வோம்” என்பார். அங்கே 2020இல் அரசு நாய் இறைச்சி விற்பனைக்குத் தடை போட்டது. 2023இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனக்கும் நாய்க்கறி இறங்காதுதான். அது நான் வளர்ந்த விதம், அவ்வளவுதான். அதை வைத்து அவரை எடைபோட எனக்கு என்ன யோக்கியதை? ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் ருசித்து வளர்ந்தவன் நான்.

மாட்டு விஷயம் இன்னும் சிக்கலானது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாட்டை அறுக்கச் சான்றிதழ் வேண்டும். பத்து வயதுக்கு மேலாகி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாகவோ, நிரந்தரமாக முடமானதாகவோ இருக்க வேண்டும். வயதைப் பல்லை வைத்துத்தான் சொல்வோம். மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. கிழட்டு மாட்டில் அவை தேய்ந்து, இடைவெளி விட்டு, முளைக்குச்சி மாதிரி நிற்கும்.

ஒருமுறை சந்தையில் ஒரு பெரியவர் தன் எருதை விற்றுக்கொண்டிருந்தார். பல் அப்படித்தான் இருந்தது. “ஏருக்குத்தான் வாங்கறாங்க டாக்டர்” என்றார். வாங்குபவர் அடிமாட்டு வியாபாரி என்பது சந்தைக்கே தெரியும். பெரியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உழாத மாட்டுக்கு வருஷம் முழுக்கத் தீவனம் போட அவரால் முடியாது. பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிய கைதான் மூக்கணாங்கயிற்றை மாற்றிக் கொடுத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பணத்தை எண்ணினார்.

கோபம் வருவது வேறு இடத்தில். அந்தச் சந்தைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மாட்டுக்கறிக் கடை ஊருக்கு வெளியே, புளியமரத்தடியில் இருந்தது. கடைக்காரரை வீட்டுத் திண்ணையில்கூட உட்காரச் சொல்ல மாட்டார்கள். விற்றவருக்குத் தீட்டு இல்லை, ஓட்டிப் போன வியாபாரிக்கும் இல்லை, சான்றிதழில் கையெழுத்துப் போட்ட எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். தின்பவருக்கும் அறுப்பவருக்கும் மட்டும்தான் தீட்டு. இதை அந்தக் கடைக்காரரிடமே ஒருநாள் சொன்னேன். “மோர் நல்லா இருந்துச்சா சார்?” என்று கேட்டுவிட்டு எலும்பை வெட்டத் தொடங்கினார்.