பீனியா பட்டறையில் தொழில் பழகுநர்களைச் சேர்த்த அனுபவம்

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கேட்டில் ‘ஆட்கள் தேவை’ என்று கன்னடத்தில் எழுதிய பலகை தொங்கும். டர்னர், கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்துக்கு ஆபரேட்டர், இயந்திரத்தை வேலைக்குத் தயார்படுத்தும் செட்டர், ஹெல்பர் என்று பட்டியல் நீளும். நான் மனிதவளப் பொறுப்பில் இருக்கும் நிறுவனம் ஏறக்குறைய எண்பது பேர் வேலை செய்யும் உதிரிபாகப் பட்டறை. எங்கள் கேட்டிலும் அந்தப் பலகை ஆண்டு முழுவதும் தொங்கியது. ஆட்கள் வந்தார்கள், சம்பளம் கைக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ஓடிவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆபீசில் எல்லாரும் சொன்ன காரணம்.

அது உண்மையா என்று பார்க்க, நின்றுபோனவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். பணத்தைச் சொன்னவர்கள் சிலர்தான். “ஏழு மாதமாக ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன் மேடம். ஆஃப்செட் போடக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால், உன் வேலையைப் பார் என்றார்கள்” என்றான் ஒருவன். வெட்டும் அளவைத் திருத்த இயந்திரத்தில் கொடுக்கும் எண்தான் ஆஃப்செட். இதையே வேறு வேறு சொற்களில் பலரும் சொன்னார்கள். இருபது வயதுப் பையனுக்குத் தொழில் கைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. அது வராத இடத்தில் அவன் எதற்காக இருக்க வேண்டும்?

ஐ.டி.ஐ. முடித்தவர்களை, வேலை செய்யும் இடத்திலேயே தொழில் கற்கும் தொழில் பழகுநர்களாக (அப்ரென்டிஸ்) எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசானை நியமிக்கலாம் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். “படித்துவிட்டுப் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவான் அம்மா” என்றார். படிக்காமலேயே போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, செய்யுங்கள்” என்றார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முப்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். மொத்த ஆட்பலத்தில், ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்து, 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை எடுக்கலாம். எண்பது பேர் என்றால் 2 முதல் 12 வரை. நான்கு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள சிறிய பட்டறைகள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். பீனியாவில் பல சிறிய முதலாளிகளுக்கு இது தெரியவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்கு மாதந்தோறும் கொடுக்கும் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே தருகிறது.

அரசு இணையதளத்தில் நிறுவனத்தைப் பதிவது, தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தத்தை உருவாக்குவது எல்லாம் பொறுமையோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும். இடறியது வங்கிக் கணக்கில். அரசின் பங்கு பழகுநரின் ஆதார் இணைத்த கணக்குக்கு நேராகப் போகிறது. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்த்திருந்தால் போதும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். அந்தக் கணக்குதான் அரசுப் பணம் வரவேண்டிய கணக்கு என்று, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.யிலும் பதிவாகியிருக்க வேண்டும். இது தனி வேலை. வங்கிக் கிளையில் அதற்கென்று கேட்டு வாங்க வேண்டும். சேரும் வாரத்திலேயே பையனை வங்கிக்கு அனுப்பி முடித்துவிடுங்கள். முதல் மாதத்திலேயே பணம் வரவில்லை என்றால் அவன் உங்களைத்தான் சந்தேகிப்பான்.

பையன்களைத் தேட ஏஜென்டிடம் போகவில்லை. எங்கள் பட்டறையில் கோலார் தங்கவயலிலிருந்து வருகிறவர்கள் நிறையப் பேர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பலரின் பிழைப்பு மாரிக்குப்பம் ரயிலில்தான் ஓடுகிறது. விடியுமுன் ரயில் ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, பச்சை வழித்தட மெட்ரோவில் பீனியா வருவார்கள். அவர்களிடம், “உங்கள் தெருவில் ஐ.டி.ஐ. முடித்துச் சும்மா இருக்கிற பையன்கள், பெண்கள் யார்?” என்று கேட்டேன். பெயர்கள் வந்து குவிந்தன. ஹாசன், துமகூரு பக்கத்து நண்பர்களும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளைச் சொன்னார்கள்.

வீட்டாரோடு பேசியதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு பையனின் அம்மா என்னிடம் கேட்டது: “ஓ.டி. என்று சொல்லிப் பிள்ளையை ராத்திரி பகலாக நிறுத்திவிட மாட்டீர்களே?” பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் பழகுநரை ஓவர்டைம் வைக்கச் சட்டத்தில் இடமில்லை, செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் கணக்கில் கூலி கொடுப்பதும் கூடாது என்று விளக்கினேன். இரவு ஷிஃப்ட் இல்லை என்று நாங்களும் எழுதிக் கொடுத்தோம். அன்று ஐ.டி.ஐ. முடித்தவருக்கு விதி சொன்ன குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய். பெங்களூரில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது எந்த மூலைக்கு? முதலாளியிடம் வாதாடி அதைவிடக் கூட்டிக் கொடுத்தோம்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஆசான் யார்? எங்கள் மூத்த செட்டர் ஒருவர், எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், லேத்தில் கைதேர்ந்தவர். அவரிடம் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தனியாக வந்து சொன்னார்: “இருபது வருடம் அடிபட்டுக் கற்றது மேடம் இது. சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு அவனைப் பாதிச் சம்பளத்தில் என் இடத்தில் நிறுத்திவிடுவீர்கள். என் பிள்ளைகளின் ஃபீஸை யார் கட்டுவார்கள்?”

அந்தப் பயம் நியாயமானது. பட்டறைகளில் அப்படி நடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். வாய்வார்த்தையால் அது போகாது. ஆகவே ஒவ்வொரு ஆசானுக்கும் நிறுவனத்தின் கடிதத் தாளில் எழுதிக் கொடுத்தோம்: கற்பிப்பதற்கு மாதாந்தரப் படி உண்டு, ஷிஃப்டின் முதல் ஒரு மணி நேரத்துக்கு உற்பத்தி இலக்கு கிடையாது, தயாரான பையனைக் காட்டி ஆசானின் வேலையை மாற்ற மாட்டோம், புரோகிராமிங் கற்க விரும்பினால் அரசு டூல் ரூம் பயிற்சி மையத்தில் நிறுவனத்தின் செலவில் சேர்க்கிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் முதலாளி கடைசிவரை இழுத்தடித்தார். கழிவாகும் பாகங்களின் கணக்கை அவர் முன்னால் வைத்த பிறகு ஒத்துக்கொண்டார். அண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு அனுப்புங்கள்” என்றார்.

அவர் கற்றுக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பையன் பாகத்தை லேத்தின் பிடியான சக்கிலிருந்து எடுத்த உடனே, அளப்பதற்கு மைக்ரோமீட்டரை மாட்டப் போனான். அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். “தொட்டுப் பார் தம்பி, சூடு இருக்கிறதா? சூடாக அளந்தால் அது உன்னிடம் பொய் சொல்லும்.” பாகத்தைக் கூலன்ட்டில் முக்கி, துணியால் துடைத்து, சற்று ஆறவிட்டு அளக்கச் சொன்னார். அளவு மாறியிருந்தது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.017 மில்லிமீட்டர் விரியும். சூட்டில் அளந்துவிட்டு அதற்கேற்ப ஆஃப்செட் போட்டால், ஆறிய பிறகு அத்தனை பாகங்களும் சிறுத்துக் கழிவுப் பெட்டிக்குப் போகும். பையன் அதைத் தன் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். மறுவாரம் தானே ஆஃப்செட் போட்டு, அளவு சரியாக வந்தபோது அவன் அண்ணனைத் தேடிய வேகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆசானையும் பழகுநரையும் மொழி பார்த்துச் சேர்க்கவில்லை. தமிழ் அண்ணனிடம் ஹாசன் பையனும், கன்னட ஆசானிடம் தங்கவயல் பையனும் நின்றார்கள். தங்கவயல் பிள்ளைகளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்களுக்கும் வாய் தானே பழகியது. டீ நேரத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருந்த கூட்டங்கள் கலந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. கெட்ட வார்த்தையில் திட்டுவதை நிறுத்தத்தான் அதிக நாள் பிடித்தது. கெட்டுப்போன பாகங்களை ஷிஃப்ட் முடிவில் ஒரு மேஜையில் வைத்து, செய்தவர் பெயரைச் சொல்லாமல் காரணத்தை மட்டும் பேசுவது என்று வழக்கப்படுத்தினோம். மேற்பார்வையாளர் கத்துவதற்கும் அவருடைய சம்பள உயர்வுக்கும் தொடர்பு வைத்தோம், சத்தம் குறைந்தது.

பெண்களைப் பரிசோதனைப் பிரிவில் சேர்த்தோம். 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்றானதும், தூரத்துப் பகுதிகளிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்தன. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்களை விசாரிக்கும் உள் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைமை வகிக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களைக் கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் பெண்கள் ஓய்வறைக்குள்ளேயே ஒட்டினோம். நோட்டீஸ் போர்டில் நின்று ஒரு பெண் அந்த எண்ணை எப்படிக் குறித்துக்கொள்வாள்?

2025 ஜனவரியில் இயந்திரக் கண்காட்சியான இம்டெக்ஸுக்கு, துமகூரு சாலை கண்காட்சி மையத்துக்கு ஆசான்களையும் பழகுநர்களையும் சேர்த்தே அனுப்பினோம். முன்பு மேனேஜர்கள் மட்டும் போன இடம் அது.

பழகுநர் பயிற்சியின் இறுதித் தேர்வு முடிந்து நிரந்தரமாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழகுநருக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. வேலையில் சேர்ந்ததும் பி.எஃப்.க்கு 12 சதவீதமும், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் பிடிப்பார்கள். சொன்ன தொகை கைக்கு வரவில்லையே என்று பையன் ஏமாந்துபோவான். கடிதம் கொடுக்கும் அன்றே மாதிரிச் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் தன் பங்காக எவ்வளவு போடுகிறது, அம்மா அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான்.

முதல் அணியில் பெரும்பாலோர் எங்களிடமே இருக்கிறார்கள். சிலர் பெரிய நிறுவனங்களுக்குப் போனார்கள். அனுபவச் சான்றிதழை அன்றே கொடுத்து அனுப்பினேன். இந்த ஆண்டு, மில்லிங் வேலை நடக்கும் வி.எம்.சி. பிரிவிலும் தொடங்க வேண்டும். அந்தப் பிரிவுத் தலைவர், இலக்கில்லாத ஒரு மணி நேரம் தங்களுக்குப் போதாது, மில்லிங் வேலையில் செட்டிங்குக்கே அது போய்விடும், ஒன்றரை மணி வேண்டும் என்கிறார். அவர் கேட்பது நியாயம் என்று முதலாளிக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் மூவரும் உட்கார்ந்து பேசுகிறோம்.