ஒரு வாய் தண்ணீர்

வயிற்றில் ஸ்பிளின்டர், அதாவது ஷெல் சிதறிய துண்டு, பாய்ந்தவனுக்கு வாய்வழியாக எதுவும் தரக் கூடாது. குடல் கிழிந்திருந்தால் குடித்தது உள்ளேயே கசியும். மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆர்மி மெடிக்கல் கோரில் எந்த நர்சிங் அசிஸ்டென்ட்டை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். 1999 ஜூனில், கார்கில் போரின்போது, திராஸில் நான் செய்ததும் அதுதான்.

அடிபட்டு வந்த பையன் பீரங்கிப் பிரிவு. நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த பீரங்கிகள் மேல் சாயங்காலம் ஷெல் விழுந்திருந்தது. நான் பேசியதைக் கேட்டதுமே தமிழ் ஆள் என்று கண்டுகொண்டான்.

"அண்ணே, ஒரு வாய் தண்ணி குடுங்கண்ணே."

"ஆபரேஷன் முடியட்டும் தம்பி, நானே தர்றேன்."

"நாக்கு ஒட்டுதுண்ணே. நனைச்சாப் போதும்."

காஸ் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். அதைப் பல்லால் கடித்து உறிஞ்சப் பார்த்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தண்ணீர் தராததைவிட, அப்படி இழுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரத்தம் போகப் போகத் தாகம் ஏறும். உடம்பில் நீர் குறைகிறது என்று மூளை கத்துகிற கத்தல் அது. அவனுக்கு வேண்டியது ரத்தமும் அறுவை சிகிச்சையும். டிரிப் பாட்டில் குளிர்ந்துவிடாமல் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கித்தான் ஏற்றினோம். ராத்திரியில் ஹெலிகாப்டர் வராது. விடிந்ததும் சீட்டா ஹெலிகாப்டரில் ஏற்றினோம். ஆபரேஷன் மேஜை வரை அவன் போய்ச் சேரவில்லை.

சாகப் போகிறவனுக்குத் தண்ணீர் மறுப்பது நம்மிடையே எவ்வளவு பெரிய பாவம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவன் சாகப் போகிறான் என்று யார் முடிவு செய்தது? மெடிக்கல் ஆபீசர் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. தண்ணீர் கொடுத்திருந்தால் அவனைக் கைவிட்டதாக ஆகியிருக்கும். பிழைக்கப் போகிறவன் என்று நம்பியதால்தான் மறுத்தேன். இப்படித்தான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். அந்த ராத்திரி இவ்வளவும் யோசித்தேனா என்றால், இல்லை. பழகிய கை தானாகச் செய்தது.

அப்புறம் ஒருநாள் அமெரிக்கப் படையின் போர்க்கள முதலுதவி வழிகாட்டுதலைப் படித்தேன். நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால், வாய்வழியாகத் திரவம் தரலாம் என்று அதில் இருந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. திரும்பப் படித்தேன். ரத்தம் போய் நாடி தளர்ந்துவிடுகிற அதிர்ச்சி நிலைக்குப் போகாதவர்களுக்குத்தான் அப்படிச் சொல்லியிருந்தார்கள். நாடியைப் பிடித்துப் பார்த்த எனக்குத் தெரியும், அவன் அதிர்ச்சி நிலைக்குப் போயிருந்தான். அப்படியானால் நான் செய்தது சரிதான். அந்த வரியைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதியையும் நான் முழுசாக நம்பவில்லை.

ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தபோது இந்த விதியைக் கறாராகவே சொல்லிக் கொடுத்தேன். ஒரு பையன் எழுந்து, "பிழைக்க மாட்டான்னு நல்லாத் தெரிஞ்சாலுமா சார்?" என்றான். நல்லாத் தெரிகிற நிலை என்று ஒன்று உனக்கு வராது, அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர் என்றேன். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் துணியைக் கடித்தால் இழுக்காதே, அவனாக விடும்வரை பிடித்துக்கொண்டிரு என்றும் சேர்த்துச் சொன்னேன். அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதைச் சொல்லலாமா என்று நான் யாரையும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.