பிஎச்.டி. கோர்ஸ்வொர்க்: இம்பேக்ட் ஃபேக்டரில் கோட்டை விட்டதும் பிடித்ததும்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைத் தாளில் 78. போன முறை இதே தாளில் 51. கோர்ஸ்வொர்க்கில் (ஆய்வு தொடங்கும்போது படிக்க வேண்டிய பாடத்தாள்கள்) 55 சதவீதம் இல்லாவிட்டால் ஆய்வைத் தொடர முடியாது. நாலு மார்க்குக்காக ஆறு மாதம் காத்திருந்தேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு ஒரு வகுத்தல் கணக்கில் பத்து மார்க்கைப் பறிகொடுத்தது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. அன்றைக்குக் காட்பாடியில் இருந்து குடியாத்தம் போகும் வழியெல்லாம் அம்மாவுக்குப் போன் பண்ணவே மனசு வரவில்லை. இப்போது மனசு லேசாக இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இந்தத் தாளுக்கு 30 மணி நேரம், ஆறு அலகு. அதில் ஆறாவது அலகான தரவுத்தளங்களும் ஆராய்ச்சி அளவீடுகளும் மட்டுமே 7 மணி நேரம். நம்மில் பாதிப்பேர் இதை லைப்ரரி சமாச்சாரம் என்று கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தள்ளினேன்.

இம்பேக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் அண்மைக் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று காட்டும் எண். போன முறை அதில் வந்த கணக்கு இந்த மாதிரிதான். ஓர் இயற்பியல் இதழ் 2022-ல் 180 கட்டுரை, 2023-ல் 220 கட்டுரை வெளியிட்டது. இரண்டு ஆண்டுக் கட்டுரைகளும் 2024-ல் 720 தடவை மேற்கோள் காட்டப்பட்டன. 2024-ன் இம்பேக்ட் ஃபேக்டர் என்ன? 720-ஐ 400-ஆல் வகுத்தால் 1.8. அவ்வளவுதான். ஆனால் கேள்வியில் 2022, 2023-லேயே கிடைத்த மேற்கோள்களையும், 2024-ல் வந்த கட்டுரை எண்ணிக்கையையும், தலையங்கங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் கூட்டி எல்லாவற்றாலும் வகுத்தேன்.

ஆகவே என் ஒரே தந்திரம் இதுதான்: எந்த அளவீட்டைக் கேட்டாலும், பேனாவை எடுத்ததும் ஓர் ஆண்டுக் கோடு போடுங்கள். 2019 முதல் 2024 வரை ஆறு புள்ளி. கட்டுரை வெளிவந்த ஆண்டுகளைக் கோட்டுக்கு மேலே வட்டமிடுங்கள். மேற்கோள் எண்ணும் ஆண்டுகளைக் கோட்டுக்குக் கீழே வட்டமிடுங்கள். அதற்குப் பிறகுதான் எண்களைத் தொட வேண்டும். சூத்திரமாக மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் குழம்பும். கோடு குழம்பாது.

- இம்பேக்ட் ஃபேக்டர்: மேலே முந்தைய இரண்டு ஆண்டு, கீழே நடப்பு ஆண்டு.
- ஐந்தாண்டு இம்பேக்ட் ஃபேக்டர்: மேலே முந்தைய ஐந்து, கீழே நடப்பு.
- இம்மீடியசி இண்டெக்ஸ் (வெளிவந்த ஆண்டிலேயே கிடைக்கும் மேற்கோளின் சராசரி): மேலேயும் கீழேயும் நடப்பு ஆண்டு மட்டும்.
- சைட்ஸ்கோர் (ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் இதழ் அளவீடு): மேலே நான்கு, கீழே அதே நான்கு. 2020-க்கு முன் முறை வேறு. பழைய நோட்டில் மூன்று ஆண்டு என்று இருக்கும், நம்பாதீர்கள்.
- எஸ்ஜேஆர், ஸ்னிப் (இவையும் ஸ்கோபஸ் தரவில் கணக்கிடும் இதழ் அளவீடுகள்): மேலே மூன்று, கீழே நடப்பு. முதலாவது, மேற்கோள் காட்டும் இதழின் மதிப்பையும் சேர்த்து எடைபோடும். இரண்டாவது, துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் மாறுவதைச் சரிக்கட்டும்.

எச்-இண்டெக்ஸ் இதழுக்கு அல்ல, ஆய்வாளருக்கு: குறைந்தது 5 மேற்கோள் உள்ள கட்டுரை 5 இருந்தால் எச் 5, இப்படி எட்டக்கூடிய பெரிய எண். இதற்குக் கோடு வேண்டாம், ஏணி போதும். ஒவ்வொரு கட்டுரைக்கும் கிடைத்த மேற்கோளை 25, 14, 9, 6, 5, 5, 2 என்று இறங்குவரிசையில் எழுதி, பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஐந்தாவதற்கு 5 இருக்கிறது, ஆறாவதற்கு 6 இல்லை, விடை 5. ஐ10 கேட்டால் பத்தோ அதற்கு மேலோ உள்ளவை, இங்கே 2. 2005-ல் எச்-இண்டெக்ஸை முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். நம் ஆள் என்பதாலோ என்னவோ, நேர்முகத் தேர்வில் அதைக் கேட்டார்கள்.

நேர்முகத்தோடு சேர்ந்த கருத்தரங்குதான் என்னை உண்மையில் மாற்றியது. ஆளுக்கு ஓர் இதழ் எடுத்து, அதில் என்னென்ன ஆய்வுத் தலைப்புகள் வருகின்றன, அளவீடுகள் என்ன சொல்கின்றன என்று பேச வேண்டும். முதல் தடவை எண்களை மட்டும் ஒப்பித்தேன். "சரிம்மா, இதுல யார் எதைப் பத்தி எழுதுறாங்க?" என்று கேட்டார் தேர்வாளர். வாய் திறக்க முடியவில்லை.

இரண்டாவது தடவை 'பிரமாணா'வை எடுத்தேன். 1973 முதல் இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் இதழ், பல காலம் மாத இதழாக வந்தது. இயற்பியலின் எல்லாக் கிளைக்கும் இடம் உண்டு. அந்தக் காலத்து ஓர் ஆண்டின் பன்னிரண்டு இதழ்களின் பொருளடக்கத்தை ஒரு நீள நோட்டில் கையால் எழுதினேன். வேலூர் வெயிலில் பகலில் மொட்டை மாடிப் பக்கம் போக முடியாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தினம் ஓர் இதழ். பிரிப்பதற்கு இயற்பியல் கட்டுரைகளைத் தலைப்புவாரியாக வகைப்படுத்தும் பழைய பேக்ஸ் (PACS) குறியீட்டின் பத்துப் பெரும்பிரிவுகளை வைத்துக்கொண்டேன்: பொது, துகள், அணுக்கரு, அணு–மூலக்கூறு, ஒளியியல் முதலானவை, பிளாஸ்மா, திண்மப் பொருளின் கட்டமைப்பு, அதன் மின்–காந்தப் பண்புகள், பல்துறை, புவி–வானியல். 2010-க்குப் பிறகு பேக்ஸ் புதுப்பிக்கப்படவில்லை, அமெரிக்க இயற்பியல் சங்கம் 2016-ல் ஃபிஷ் என்ற வகைப்பாட்டுக்கு மாறிவிட்டது. கையால் பிரிக்க இன்னும் பேக்ஸ்தான் வசதி. என் நோட்டில் சாலிட்டான் (வடிவம் குலையாமல் நகரும் தனி அலை), கேயாஸ் (ஒழுங்கின்மைக் கோட்பாடு) பக்கம்தான் முதலில் நிரம்பியது.

எழுதி முடித்தபோதுதான் விளங்கியது. தலைப்பு தெரியாமல் அளவீட்டுக்கு அர்த்தமே இல்லை. பொருளறிவியல் கட்டுரை இரண்டு ஆண்டுக்குள் மளமளவென்று மேற்கோள் வாங்கும். கணிதம் கனத்த கோட்பாட்டுக் கட்டுரை மெதுவாக வாங்கும். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்திருக்கும் பொது இதழின் சராசரி, யாருடைய கதையையும் முழுசாகச் சொல்லாது. பக்கத்து வீட்டில் மருத்துவ ஆய்வு செய்யும் அக்கா தன் இதழ்களின் இம்பேக்ட் ஃபேக்டரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தாழ்வாக இருக்கும். இனி இருக்காது.

ஒரு சனிக்கிழமை வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் போனேன். வாணியம்பாடி, அப்புறம் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏற வேண்டும். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த ஒளிமங்கலை அங்கேயும் பதிவு செய்திருந்தார்கள். வானியலில் பழைய அவதானிப்பு பல பத்தாண்டு கழித்தும் கைகொடுக்கும். இரண்டாண்டு ஜன்னலுக்குள் அது தெரியாது. சைட்டட் ஹாஃப் லைஃப் (ஓர் இதழுக்கு ஓர் ஆண்டில் வரும் மேற்கோள்களில் பாதி, எத்தனை ஆண்டுக்குள் வந்த கட்டுரைகளுக்கு என்று காட்டுவது) என்ற அளவீடு எதற்காக என்று அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. நம்ம ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் அவசியம் போய்வர வேண்டும்.

நேர்முகத்தில் "இம்பேக்ட் ஃபேக்டர் குறைந்தால் இதழ் மட்டமா?" என்று கேட்பது உறுதி. நான் இரண்டு சான்று வைத்திருந்தேன். ஒன்று, ராமன் தன் 'புதிய கதிர்வீச்சு' உரையை 1928-ல் வெளியிட்டது இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸில்; அந்த இதழுக்கு அப்போது வயது இரண்டு. இன்னொன்று, ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழ். படிகக் கட்டமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாறு பற்றி ஷெல்ட்ரிக் 2008-ல் எழுதிய ஒரே கட்டுரையால், சுமார் 2 என்று இருந்த அதன் இம்பேக்ட் ஃபேக்டர் 2009-ல் 49.9-க்குத் தாவியது. மற்றக் கட்டுரைகள் எப்போதும்போலத்தான் இருந்தன. இதைச் சொன்னதும் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

- யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி கருத்துத் திருட்டு: பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10% வரை தண்டனை இல்லை. 10–40 திருத்தி மறுசமர்ப்பிப்பு, 40–60 ஓராண்டுத் தடை, 60-க்கு மேல் பதிவு ரத்து.
- ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்ல 2019-ல் வந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டது. சீனியர் நோட்டில் நடப்பில் இருப்பதாகவே இருக்கும்.
- டோரா (ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ) அறிக்கை 2013. இதழின் எண்ணை வைத்து ஆளை எடைபோடாதே என்பது அதன் சாரம்.
- குழுவாகப் படிக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் நாலு சூத்திரம் வருகிறது.

ஆண்டுக் கோட்டுப் பயிற்சிக்காக நானே எழுதிப் பார்த்த பதினைந்து கணக்குகள் நீள நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. குடியாத்தம், காட்பாடி பக்கம் இருப்பவர்கள் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். நோட்டை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.