வீட்டிலிருந்து ஒரு சொல்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று செயலாளர் கேட்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டியோ பரிசளிப்பு விழாவோ எனக்கு நினைவுக்கு வரவில்லை. நாலாம் வகுப்புக் கரும்பலகையின் வலது மூலைதான் கண்ணுக்குள் வந்தது. அங்கே ஒரு கோடு கீறி, "வீட்டிலிருந்து ஒரு சொல்" என்று எங்கள் வகுப்பாசிரியர் ஐயா எழுதியிருப்பார். கணக்கு எவ்வளவு நீண்டாலும் அந்த மூலையில் யாரும் கை வைக்கக் கூடாது.

அது 1974, யாழ்ப்பாணம். நாளுக்கு ஒரு பிள்ளை, தன் வீட்டில் புழங்குகிற ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். புத்தகத்தில் உள்ள சொல் கூடாது. முடிந்தால் அந்தப் பொருளும் கையில் இருக்க வேண்டும். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் துலா, ஆடுகால், பட்டை என்று கிணற்றடியையே தூக்கி வந்தார்கள்.

என்னுடைய முறை வந்த காலை, அடுப்படியில் நின்ற அம்மாவிடம், "ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அம்மா" என்று கெஞ்சினேன். விறகோடு கிடந்த ஒரு ஊமலை, அதாவது காய்ந்த பனங்கொட்டைக் கூட்டை, எடுத்து, "இதைக் கொண்டு போ" என்றார்.

ஐயா அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது ஊமலாக முன்னம் என்னவாக இருந்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான், வகுப்பு கிளம்பிவிட்டது. முளைத்த கொட்டைக்குள் இருக்கும் பூரான் என்றான் ஒருவன். பனங்கொட்டை, பனம்பழம், நுங்கு, குரும்பை என்று பின்னோக்கிப் போனோம். அப்புறம் முன்னோக்கி: பாத்தியில் புதைத்தால் கிழங்கு, காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், பழத்தைப் பிசைந்து காயவிட்டால் பனாட்டு. வளரவிட்டால் வடலி. ஓலைக்குள்ளேயே குருத்தோலை, சார்வோலை, காவோலை. மூலை போதாமல் அன்றைக்கு மட்டும் பலகை முழுவதையும் எங்களுக்குக் கொடுத்தார்.

"ஏன் பனையிலை என்று சொல்லுறேல்லை?" என்று அவரே கேட்டு, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை என்று விளக்கினார். வெளிப்புறம் வைரமாக இருப்பது புல், உட்புறம் வைரமாக இருப்பது மரம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது; அந்தக் கணக்கில் பனை மரமல்ல, புல். பத்து வயதில் இதைக் கேட்ட வியப்பு எனக்கு இன்னும் போகவில்லை. வீட்டுக்குப் போய்க் கூரையில் கிடந்த பனஞ்சலாகையைத் தட்டிப் பார்த்தேன்.

ஆனால் நான் எழுத நினைத்தது என் ஊமலைப் பற்றியல்ல, கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றி. அவனுக்கு வாசிப்பு வராது. அரிவரியிலிருந்து க, கா, கி என்று பாட்டுப் போல ஒப்புவிப்பான். புத்தகத்தை நீட்டினால் வாய் திறக்காது. அவன் கொண்டுவந்த சொல் சோளகம். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றுகளை வரிசையாகச் சொல்லி, எந்தக் காற்றுக்கு அப்பா தொழிலுக்குப் போவார், எதற்குப் போகமாட்டார் என்றும் சொன்னான். எங்களுக்கெல்லாம் அதுவரை காற்று என்றால் வெறும் காற்றுத்தான்.

அடுத்த நாள் ஐயா பலகையிலிருந்த அந்தச் சொல்லைக் காட்டி அவனையே வாசிக்கச் சொன்னார். முதல் எழுத்தே சிக்கல். முன்னால் கொம்பு, நடுவில் ச, பின்னால் அரவு, மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி. "சே... சா..." என்று தடுமாறினான். "ள" என்றான். சட்டென்று முகம் மலர்ந்து, "சோளகம்!" என்று கத்தினான். எழுத்து அவனைச் சொல்லிடம் கொண்டுபோகவில்லை. அவன் வாயிலிருந்த சொல்தான் எழுத்திடம் வந்து அதைப் பிடித்தது. அதன் பிறகு சொல்வதெழுதலில் எந்த ள என்று யாராவது கேட்டால், "சோளகத்து ள" என்று அவன்தான் பதில் சொல்வான். வருட முடிவில் பாடப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்தான்.

கனடாவில், ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஐயா செய்ததன் அருமை முழுவதும் விளங்கியது. இங்கே பிள்ளைகள் முதலில் ஆங்கிலம் வாசிக்கப் பழகியவர்கள். கடல், தங்கம், மகன் என்ற மூன்றிலும் ஒரே ககரந்தான், ஒலி மூன்று விதம். எப்படி ஒலிப்பது என்று எழுத்து சொல்லாது. சொல் முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். மகன் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை அதைத் தவறாக வாசிக்காது. கேட்டிராத பிள்ளைக்கு 247 எழுத்தையும் சுவரில் தொங்கவிட்டுப் பயனில்லை. அதனால் நான் ட, ப, ம மூன்றோடு தொடங்குகிறேன். அன்றைக்கே படம், பட்டம், மடம் வாசித்துவிடலாம்.

அதனால்தான் வீட்டுச் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டினால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வேறொரு வகுப்பில் படத்தைப் பார்த்துக் "கதிரை" என்று எழுதிய பிள்ளைக்குப் பிழை போட்டு, மேலே "நாற்காலி" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, "அம்மம்மா சொல்லுறது பிழையா?" என்று கேட்டாள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. நானூறு வருடம் நாங்கள் அதில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டும் சரி என்று சொல்லி, இரண்டையும் எழுத வைத்தேன்.

அவளே இரண்டு கிழமை கழித்து புட்டு அவிக்கும் ஒரு நீத்துப்பெட்டியோடு வந்தாள். அடியில் புட்டுமா ஒட்டியிருந்தது. "இது ஓலையா, இலையா?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்க அதைக் கைமாற்றி, மணந்து, விரல் விட்டுப் பார்த்தது. நானும் ஊமலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

எங்களுக்குத் தரும் அறை வேறொருவருடைய வகுப்பறை. போகும்போது பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் ஒரு நீளமான தாளை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் வலது மூலையில் ஒட்டுகிறோம், மதியம் சுருட்டி என் பையில் வைக்கிறோம். போன கிழமையோடு அதில் 83 சொற்கள். அடுத்த முறை உள்ள பையன், பருத்தித்துறையில் இருக்கும் அப்பப்பாவுக்குத் தொலைபேசி எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.